பெயர் மாற்றிய வீடு

"திபெத்தில நோய் வருத்தம் மாறாட்டி ஆளின்ர பேரை மாத்திப்போடுவினமாம். தேடி வாற சாவு, ஆளைக் காணாமத் திரும்பிப் போகுமாம். இண்டையில இருந்து எங்கட கஜேந்திரன்ர பேர் சிரஞ்சீவி" என்றாள் நேசமலர்.

அவள் கணவர் நாகேந்திரம் சிரித்தார். "அது கலியாணக் கார்ட்டில மாப்பிள்ளை பேருக்கு முன்னால போடுறதப்பா!"

"சிரிக்காதையுங்கோ. பழைய பேரை ஒருத்தரும் வாயில எடுக்கப்படாது."

ஒரு கிழமையாகக் காய்ச்சலில் கிடக்கும் அவனை விட்டால் அவளுக்கு வேறு பிள்ளை இல்லை. டொக்டரும் கைவிரித்துவிட்டார்.

பின்னேரம் யாரோ கதவைத் தட்டினார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் போர் நடந்த அந்த நாட்களில் கதவு தட்டினாலே அடையாள அட்டையைத்தான் முதலில் தேடுவார்கள். நல்லவேளை, பொலிஸ் இல்லை. முன்பின் பார்த்திராத ஒரு பையன், பள்ளிக்கூட உடுப்போடு நின்றான்.

"அன்ரி, கஜேந்திரன் நிக்கிறானோ? கூட்டிக்கொண்டு போக வந்தனான்."

நேசமலருக்குப் புதுப் பேர் ஞாபகம் வந்தது. "அப்பிடி ஒருத்தரும் இங்க இல்லைத் தம்பி."

"சொறி அன்ரி, வீடு மாறி வந்திட்டன் போல" என்று அவன் படியிறங்கிப் போய்விட்டான்.

உள்ளே வந்து மகனின் நெற்றியைத் தொட்டாள். வியர்த்துக் குளிர்ந்திருந்தது. அவன் கண் விழித்தான்.

"ஏனம்மா கிளெமென்ற்றைத் திருப்பி அனுப்பினீங்கள்?"

நாகேந்திரம் வாசலைத் திரும்பிப் பார்த்தார். "குண்டுவெடிப்பில செத்த உன்ர சிநேகிதன் கிளெமென்ற்றோ? கொட்டாஞ்சேனைக்கு அவன்ர செத்தவீட்டுக்குப் போய் வந்துதானேடா நீ படுத்தனீ!"

"ஓமப்பா, அவன்தான். குரல் கேட்டது." மகன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "பாவம், தனியப் போக அவனுக்கு எப்பவும் பயம்."