காந்த விரல்

"எல்லாரும் விரல்ல மோதிரம் போடுவாங்க. உன் தம்பி விரலுக்குள்ள காந்தம் போட்டிருக்கான்," என்று சிரித்தார் என் கணவர்.

பக்கத்தில் கரண்ட் ஓடினால் விரல் நுனி அதிருமாம். அதற்காகத் தம்பி போன வருஷம் ஆபரேஷன் செய்துகொண்டான். அன்றிலிருந்து இவருக்கு அவன் கோமாளி.

இவர் மட்டும் என்ன யோக்கியம்? போனில் சூதாடியே வேலையைத் தொலைத்தவர். மூன்று மாதம் முன்புதான் அந்தப் போனை உடைத்து, மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

மேஜையில் ஒரு குண்டூசியைப் போட்டார். "எங்க மாப்ளே, இதைத் தூக்கு."

"வித்தை காட்ட வரல மாமா. இந்த வீட்டுல ஏதோ சார்ஜ் ஆகுது."

தம்பி விரலை நீட்டியபடி நடந்தான். பீரோவில் இல்லை என்றான். கட்டிலுக்கடியிலும் இல்லை.

"மோப்ப நாய் தோத்துது போ," என்றார் இவர்.

தம்பி செருப்பு அலமாரிப் பக்கம் திரும்பினான். இவர் சட்டென்று எழுந்து குறுக்கே நின்றார். "அதுல நாத்தம்தான் இருக்கும்."

"விரல் துடிக்குதே மாமா."

நான் இவரைத் தள்ளிவிட்டுத் திறந்தேன். பழைய ஷூவுக்குள் பவர் பேங்க்கோடு ஒரு புதுப் போன். திரையில் சீட்டுக்கட்டு.

"பாழாப்போன காந்தம்," என்று முனகினார்.

தம்பி குண்டூசிமேல் விரலை வைத்து எடுத்தான். ஊசி மேஜையிலேயே கிடந்தது.

"சீழ் பிடிச்சு, காந்தத்தை எடுத்தே பத்து நாள் ஆச்சு மாமா. நான் உங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டேதான் நடந்தேன்."