தினம் ஒரு தப்பு

"ஏந்தம்பி, மைனஸ் பத்து முட்டைன்னு போட்டாலும் ஆர்டர் எடுத்துக்குதே! போட்ட முட்டையைக் கோழி திரும்ப வாங்கிக்குமா?"

மைதிலி கேட்டதும் ஆபீசே சிரித்தது. சந்தோஷ்குமார் வழக்கம்போலத் தலையைச் சொறிந்தான்.

"இப்பவே சரி பண்ணிடறேனுங்கக்கா."

"நேத்து போன் நம்பர்ல ஒம்பது எண்ணு போட்டாலே ஏத்துக்குச்சு. முந்தாநாளு பட்டனை ரெண்டு தடவை அமுக்குனா ரெண்டு ஆர்டர். தினம் ஒண்ணு வெச்சிருக்கியே!"

நாமக்கல்லில் லாரி உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில், ஐந்தே பேர் வேலை பார்க்கும் ஆபீஸ் அது. கோழிப்பண்ணைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பார்கள். யார் புரோகிராம் எழுதினாலும் மைதிலி பார்த்து 'சரி' சொன்ன பிறகுதான் வெளியே போகும்.

முதலாளி தீனதயாளன் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"மைதிலி, இவன் தப்பையெல்லாம் லிஸ்ட் போட்டு சாயங்காலம் கொண்டாம்மா. இந்த மாசத்தோட அனுப்பிடலாம்."

மைதிலிக்குச் சுருக்கென்றது.

மூன்று மாதம் முன்பு அவள் நிலைமையும் இதுதான். மூளைக்காய்ச்சல் வந்து ஆறு மாதம் படுத்திருந்துவிட்டுத் திரும்பியிருந்தாள். முதல் வாரம் திரையில் எழுத்தெல்லாம் நீந்தியது. ஒரு பிழைகூடக் கண்ணில் படவில்லை. "மூணு மாசம் பாப்பம்மா. முடியலைன்னா ஊட்டுல இருந்து ஒடம்பைப் பாத்துக்க" என்று இதே முதலாளி சொல்லியிருந்தார்.

அப்புறம்தான் சந்தோஷின் தப்பு ஒன்று அகப்பட்டது. மறுநாள் இன்னொன்று. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நம்மை நிமிர்த்திய தப்பே அவன் வேலைக்கு வேட்டு வைக்கிறதே என்று வருத்தத்தோடுதான் லிஸ்ட் போட உட்கார்ந்தாள்.

எழுதியது, அழித்தது எல்லாமே நேரத்தோடு கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்தது. முதல் தப்பைத் திறந்தாள்.

நாலு மணிக்குச் சரியாக எழுதியிருந்தான். டெஸ்ட் எல்லாம் தேறியிருந்தது. நாலேகாலுக்கு ஒரே ஒரு வரியை அழித்துவிட்டு அவளுக்கு அனுப்பியிருந்தான்.

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். முதலில் பளிச்சென்று தெரிகிற பெரிய தப்புகள். போகப் போக, தேடினால்தான் கிடைக்கிற சின்னத் தப்புகள். அவள் படுத்திருந்த ஆறு மாதத்தில் ஒன்றுகூட இல்லை.

முதல் மாதத் தப்புகளைத் தாண்டவில்லை, அதற்குள் கண்ணீர் திரையை மறைத்துவிட்டது. எழுந்து நேரே அவனிடம் போனாள்.

"வேணும்னே அழிச்சியா தம்பி?"

அவன் கீபோர்டையே பார்த்தான். "மொத வாரம் மாடிப்படியில உக்காந்து அழுதீங்களேக்கா. பாக்க முடியலீங்க."

மைதிலிக்கு வெட்கமாக இருந்தது. திரும்பி வந்துவிட்டதென்று நினைத்த புத்தி, இவன் போட்ட பிச்சைதானா?

"சார்கிட்ட உள்ளதைச் சொல்லிடறேன். எனக்குத்தான் இந்த வேலைக்குத் தகுதி இல்லை. நீ இரு சாமி."

"தாராளமா சொல்லுங்கக்கா. அப்படியே இன்னொண்ணும் சொல்லிடுங்க." மறுபடியும் தலையைச் சொறிந்தான்; இந்த முறை முகமெல்லாம் சிவந்திருந்தது. "இன்னிக்கு மைனஸ் முட்டை நான் வெச்சதில்லீங்க. நெசமாலுமே கோட்டை உட்டுட்டேன். பத்து தடவை டெஸ்ட் பண்ணியும் எனக்குத் தெரியலை, நீங்கதான் புடிச்சீங்க."