பதினேழாம் அத்தியாயம்

நாவலின் கைப்பிரதியை நான் கொடுக்கவில்லை. அப்பாவே அலமாரியிலிருந்து எடுத்துக் கட்டைப் பிரித்திருந்தார். அலுவலகம் விட்டு நான் வந்தபோது பதினேழாம் அத்தியாயம் அவர் மடியில் கிடந்தது. அதில்தான் அவரைச் சாகடித்திருந்தேன். பெயரை மாற்றியிருந்தேன், இருமலை மாற்றவில்லை. திட்டு விழும் என்று தலைகுனிந்து நின்றேன்.

"பொணத்தோட தலைய வடக்க வச்சிருக்க. தெக்கதான வைக்கணும்?" என்றார். "கால் பெருவிரல் ரெண்டையும் கட்டாம விட்டுட்ட."

"தெரியாதுப்பா."

"எப்படித் தெரியும்? அம்மா போனப்ப நீ வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சே."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தெற்கே தலைவைத்துத் தரையில் படுத்தார். பாதங்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு, கைப்பிரதியைக் கட்டியிருந்த நூலை என்னிடம் நீட்டினார்.

"கட்டு. செஞ்சு பாத்தாத்தான் எழுத வரும்."

மண்டியிட்டு நூலை வாங்கினேன். அவருடைய குதிகால் வெடிப்பைப் பற்றி அதற்குள் ஒரு வரி எனக்குத் தோன்றிவிட்டது.