கோல்கீப்பரின் முழங்கால்

சென்னையில் நடக்கவிருக்கும் பெண்கள் ஹேண்ட்பால் கோப்பைக்கான தகுதி ஆட்டங்களை இப்போது யாரும் ஆடுவதில்லை. எங்கள் பயிற்சியைப் பார்த்து, எங்களைப் போலவே கணினி திரையில் ஆடிக் காட்டிவிடும்; அதில் வருவதுதான் முடிவு. கோல்கீப்பரான நான், அம்மாவோடு சோபாவில் உட்கார்ந்து என் ஆட்டத்தைப் பார்த்தேன். கடைசிப் பந்தைத் தடுத்து விழுந்தேன். தகுதி பெற்றுவிட்டோம். ஆனால் திரையில் நான் எழுந்திருக்கவில்லை.

அம்மா தைலம் எடுத்துவந்து என் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“எனக்கு ஒண்ணும் ஆகலம்மா.”

“நான்தான் பார்த்தேனே, ஜெசிந்தா.”

அதற்குள் கோச் போனில் வந்தார். “முழங்கால் போச்சும்மா. கோப்பையில நீ இல்ல.”

“சார், நான் வீட்லதான் இருக்கேன். நல்லா நடக்கிறேன்.”

“முதல்ல நடக்கிறத நிறுத்து” என்று வைத்துவிட்டார்.

அம்மா அழுத்தித் தேய்த்தாள்.

“மெதுவாம்மா,” என்றேன். “வலிக்குது.”