தூக்குவாளியில் மருந்து

மரக்காணம் உப்பளத்து வரப்பில் நின்றபடி நர்ஸ் மேரிசெல்வி மறுபடியும் கேட்டாள். காலில் போட்ட மருந்து எரிகிறதா, அரிக்கிறதா, கால் மரத்துப்போனதா?

பாத்தியில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். கொஞ்சம் எரியுதாம்.

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மரத்துப்போச்சு என்று யாராவது சொன்னால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். சர்க்கரை முற்றியிருந்தால் காலையே எடுக்க நேரும். நல்லவேளை, அப்படி யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் எப்படி எரியும்? பாதிப் பேருக்குத்தான் மருந்து, மீதிப் பேருக்கு வெறும் களிம்பு. யாருக்கு எது என்று அவளுக்கே தெரியாது. ஆராய்ச்சி அப்படித்தான் நடக்கும்.

கிருமியைக் கண்டுகொள்ளும் ஏற்பிகள் தோலிலேயே இருக்கின்றன, இந்த மருந்து அவற்றை முன்கூட்டியே உசுப்பிவிடும், உப்பு அரித்த வெடிப்பில் சீழ் பிடிக்காது, எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். வாராவாரம் தொண்டை வறளச் சொன்னாள். கடைசி வரியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

இந்தப் பெண்கள் செட்டுக்குத் தலைவி மங்கம்மா தூக்குவாளியைத் திறந்து காட்டினாள். எல்லா ட்யூபையும் அதில் பிதுக்கிக் கலந்து வைத்திருந்தார்கள்.

"பின்ன என்னா சிஸ்டர், ஒருத்திக்கு ஆறி ஒருத்திக்கு அழுகுனா, எப்பிடி ஒண்ணா பாத்தியில எறங்கறது?"

கூழோ மீனோ, இந்தச் செட்டில் எது வந்தாலும் சரிபங்கு. ஆராய்ச்சிக்கும் அதே கதி.

உள்ளதை எழுதி அனுப்பினால் இந்த உப்பளத்தையே ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிடுவார்கள். மருந்தும் நின்றுபோகும். எழுதத்தான் போகிறேன் என்றாள் மேரிசெல்வி. யாரும் கெஞ்சவில்லை. அது இன்னும் கடுப்பாக இருந்தது.

மங்கம்மா களிம்பைப் பூவரச இலைகளில் பங்கு வைத்தாள். ஓர் இலை மிஞ்சியது.

அதை எடுத்துக்கொண்டு வரப்பேறி வந்தாள். சிஸ்டர் நொண்டிக்கொண்டு வருவதை எத்தனை வாரமாகப் பார்க்கிறோம் என்றாள். வரப்பில் நிற்கிறவளுக்கும் பங்கு உண்டாம்.

மறுக்க மறுக்க அவளே மேரிசெல்வியின் ஷூவைக் கழற்றினாள். சாக்ஸ் குதிகால் புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உரித்தபோது பெண்கள் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். மேரிசெல்வி சுளிக்கவில்லை.

மங்கம்மா களிம்பை அழுத்தித் தேய்த்தாள்.

"எரியுதா சிஸ்டர்?"

மேரிசெல்வி குனிந்து பார்த்தாள். வேறு யாருடைய காலையோ தேய்ப்பது போல இருந்தது. பாத்தியில் நின்றவர்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் எரியுது" என்றாள்.