புது மாடல் வரும்வரை

தொண்டையில் இருந்த கட்டியோடு கமலவேணியின் குரலையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்தால் போதும், தட்டுவதை அதுவே தமிழில் பேசிவிடும் என்றார் டாக்டர். டிபன் டப்பா அளவுப் பெட்டிதான். கணவர் தணிகாசலம் அன்றைக்கே மேஜையைத் துடைத்து இடம் ஒதுக்கினார். பிறகு, "அடுத்த மாசம் புது மாடல் வருதாம். இப்ப வாங்கினா ஏமாந்துடுவோம்" என்றார். அது வந்ததும், அதைவிட வேகமான ஒன்று வரப்போவதாகப் படித்தார். அவள் காலி மேஜையைக் காட்டும்போதெல்லாம், காது நன்றாகவே கேட்கிற அவளிடம், கேட்காதவளுக்குக் காட்டுவதுபோல் உள்ளங்கையைத் தூக்கிப் 'பொறு' என்பார். உண்மையில், வீடு இவ்வளவு நிம்மதியாக இருந்து அவர் பார்த்ததில்லை.

தீபாவளிக்கு வந்த மகள்தான், அப்பாவை ஒரு வார்த்தை கேட்காமல், வாங்கி மாட்டிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து கமலவேணி காலையில் உட்கார்ந்தால் மதியம்வரை தட்டுகிறாள். பேசவைக்கும் பட்டனை மட்டும் அழுத்துவதில்லை. அவர் பக்கத்தில் போனால் திரையை அணைத்துவிடுகிறாள். "திட்டணும்னா திட்டிடு வேணி. மனசுலயே வச்சுக்காத" என்று நேற்று கெஞ்சிப் பார்த்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வீடியோ காலில் வந்து, "அம்மா, ஏதாவது பேசேன்" என்கிறபோது மட்டும் அவள் விரல் அந்தப் பட்டன்மேல் போய் நிற்கிறது. போனைப் பிடித்தபடி தணிகாசலம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.