அருவி வேண்டாம்

"இந்த அருவி எனக்கு வேண்டாம். எடுத்துடு" என்றார் பெரியவர், கதவைத் திறந்த கையோடு.

கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. போன மாதம் கம்ப்யூட்டர் ஃபேனைத் துடைக்க வந்தவன், போனால் போகிறதென்று ஒரு காவல் புரோகிராமையும் ஏற்றி, திரையில் அழகாக ஓர் அருவிப் படத்தையும் போட்டுவிட்டுப் போயிருந்தான். இனாமாகக் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லும் மனிதரை இப்போதுதான் பார்க்கிறான்.

"இதுக்கா சார் கூப்பிட்டீங்க? போன்லயே சொல்லியிருப்பேனே, ரெண்டு தட்டு தட்டினா போயிடும்."

"வந்துட்டே இல்ல? செய்."

சொல்லி முடிப்பதற்குள் அடுக்கடுக்காகத் தும்மினார். மூக்கு சிவந்திருந்தது. ஆனாலும் சட்டையின் இஸ்திரி மடிப்பு கலையவில்லை; நாற்காலியில் முதுகு படாமல் விறைப்பாக உட்கார்ந்தார்.

"மழையில நனைஞ்சீங்களா சார்?"

"இந்த மாசம் மட்டும் மூணு தடவை."

"வாசல்லயே குடை தொங்குதே. எடுத்துட்டுப் போறதுக்கென்ன?"

"மழை வரும்னு எனக்கு யார் சொன்னா?" என்றார் பெரியவர் கடுகடுவென்று.

மெக்கானிக் திரையின் முன் உட்கார்ந்தான். வீட்டில் வேறு ஆள் அரவமே இல்லை. சமையலறை மேடையில் ஒரே ஒரு தட்டு கவிழ்ந்து கிடந்தது. கீபோர்டில் விரல் வைத்தால் தடம் பதியும் அளவுக்குத் தூசி. திரை மட்டும் பளிங்கு மாதிரி துடைத்து வைத்திருந்தது.

"இந்தச் சிஸ்டத்தை இப்ப யார் சார் வெச்சிருக்காங்க? எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே இதுக்கு ரிட்டயர்மென்ட் குடுத்துட்டாங்க."

"எனக்கும்தான் குடுத்தாங்க. நான் இல்லையா?"

அருவியை எடுத்துவிட்டு, அந்தக் காலத்துப் பச்சை மேட்டையும் நீல வானத்தையும் கொண்டுவந்தான் மெக்கானிக்.

"இது சார்?"

"இல்ல."

பாலைவனம் போட்டான். உதிர்ந்த இலைகள் போட்டான். படமே வேண்டாமென்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் நீலம் வைத்தான். கீழே ஓடும் பட்டையை வெள்ளியாக்கினான். அதுவும் ஆகாதென்றதும் பழைய சாம்பல் நிறத்துக்கே போனான்.

"இல்ல. இல்ல."

"பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறவங்ககூட இத்தனை கழிக்க மாட்டாங்க சார்!" அவன் வாய் சும்மா இருக்குமா? "ஆமா, உங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்கறதா எதிர்வீட்டம்மா சொன்னாங்களே..."

"எனக்கு ஒரே பையன். வெளியூர்ல இருக்கான்."

ஆணி அறைந்தாற்போல் விழுந்தது பதில். மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டான். மானஸ்தர் வீட்டு விஷயம், நமக்கேன் வம்பு?

"சரி சார், உங்களுக்கு எந்தப் படம்தான் வேணும்? நீங்களே சொல்லுங்க, போட்டுடறேன்."

"நான் சொல்றதில்ல." பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "காலையில தானா மாறும். முன்னாடியெல்லாம் மாறிச்சு."

"தானாவா?"

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. பரபரவென்று உள்ளே தேடினான். ஒரு மூலையில் கிடந்தது ஒரு ஃபோல்டர். திறந்தால், அவன் போடாத படங்கள் வரிசையாக வந்தன.

"சார், மோசம் போயிட்டீங்க! யாரோ வெளியில இருந்து உங்க கம்ப்யூட்டருக்குள்ள புகுந்து, தினம் படத்தை மாத்திட்டுப் போயிருக்காங்க. எத்தனை நாளா நடக்குதோ! ஆள் பேரைப் பாருங்க, 'வாலு'வாம். திருடனுக்கு வைக்கிற பேரா இது?"

பெரியவர் ஜன்னலை விட்டுத் திரைப் பக்கம் திரும்பினார்.

"படமாவது உருப்படியா இருக்கா? குடை. மாத்திரை அட்டை. மறுபடி குடை. இதென்ன, கட்டைவிரல் தண்டிக்கு ஒரு குட்டி சாக்ஸ்! அதையும் பாதிதான் பின்னியிருக்கு, ஊசிகூட எடுக்கல. பைத்தியம் சார்."

பெரியவரின் கை நாற்காலிச் சட்டத்தை இறுகப் பிடித்தது. "அதுக்கப்புறம்?"

"அப்புறம் எங்க வரும்? நான்தான் போன மாசமே அந்த வழியை அடைச்சுட்டேனே!" மெக்கானிக் நெஞ்சை நிமிர்த்தினான். "ஃபேனைத் துடைச்சுட்டு ஆன் பண்றேன், திரையில திடுதிப்புனு ஒரு படம் வந்து நிக்குது. வைரஸ்னு நினைச்சு உடனே பூட்டைப் போட்டு, அது மேல அருவியை ஒட்டினேன். நீங்க அப்ப கடைக்குப் போயிருந்தீங்க. இருங்க காட்டறேன்... இதான் சார் அது."

திரை முழுக்க ஒரு குழந்தையின் பாதம். பிறந்து ஒரு நாள்கூட ஆகியிருக்காது. குதிகால் இன்னும் சுருங்கிக் கிடந்தது. சுண்டுவிரலில் நகம் இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

பெரியவர் எழுந்து வந்தார். அத்தனை நேரம் நாற்காலியில்கூடச் சாயாத முதுகு, திரைக்கு முன்னால் மெல்ல வளைந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இஸ்திரி மடிப்பென்றும் பாராமல் சட்டை நுனியால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பயப்படாதீங்க சார். எல்லாத்தையும் அழிச்சுடறேன். இனிமே இந்த வழியா எவனும் உள்ளே வர முடியாது."

பெரியவரின் கை அவன் தோளைப் பிடித்தது.

"தொறந்து விடுப்பா. அது என் பொண்ணு வர்ற வழி."